பல்லும் பீங்கானும்

"பல்லைக் காட்டாதே!" என்பது நம் தோட்டங்களிலே நெடுங்காலம் வழங்கிய ஓர் அதட்டல். துரைக்கு எதிரே சிரித்துவிட்ட ஆளைத் தண்டல் அதட்டியதும் அச்சொல்லாலேதான். கடன் கேட்கப்போய்க் குழைந்து நின்று திரும்பியவனை அவன் மனைவி, "அந்த மனிதனிடமா போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்தீர்கள்?" என்று இடித்துரைத்ததும் அச்சொல்லாலேதான். பல்லைக் காட்டுதல் என்பதற்கு நம் மொழியில் தாழ்ந்து நிற்றல் என்று பொருள். அப்படிச் சொல்லி வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்லைக் காட்டுவதற்கென்றே பல்லாயிரம் வெள்ளி செலவிட முன்வருகின்றனர். இது கண்டு நகைப்பதா, மகிழ்வதா? நான் முதலில் நகைத்தேன். நகைத்தது பிழையென்று பின்னர் என் தங்கை எனக்கு உணர்த்தினாள்.

அவள் கதையைச் சொல்லுமுன், பொருள் இன்னதென்பதைச் சொல்லிவிட வேண்டும். பொருளறியாது அறம் பேசப் புகுவது நம்மவர்க்குள்ள பழைய நோய்.

வெனீர் என்பது பீங்கானாலான ஒரு மெல்லிய ஓடு. ஏறக்குறைய நம் விரல் நகத்தின் பருமனே உடையது. முன்பல்லின் முகப்பிலே அதனை ஒட்டுகின்றனர். மலிவான பலகையின் மேல் தேக்கின் மெல்லிய ஏட்டை ஒட்டித் தச்சர் மேசை செய்வதுண்டல்லவா? அந்த ஏட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தச்சர் தாழ்ந்த மரத்தின் மேல் உயர்ந்த மரத்தை ஒட்டுகிறார். பல் வைத்தியரோ, பல நேரங்களில், பழுதற்ற பல்லைச் சீவிவிட்டு அதன் மேல் சுட்ட மண்ணை ஒட்டுகிறார்.

இதன் பிறப்பு திரைப்படத்திலே. 1928-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவிலே சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், ஹாலிவுட் நடிகர்களுக்காக முன்பல்லின் மேல் பொருத்தும் மெல்லிய முகப்புகளைச் செய்து கொடுத்தார். பொய்ப்பற்களை நிறுத்த உதவும் பசைத்தூளைக் கொண்டு அவற்றை ஒட்டிக்கொள்வார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். நம் கூத்துக்காரர் விடியற்காலையில் அரிதாரம் கழுவுவது போன்றதே அது. பின்னர் 1955-இல் அமெரிக்காவிலே மைக்கேல் புவனகோர் என்பவர், உலோகத்தின் மேல் வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசும் முறையைக் கண்டு, பல்லின் எனாமல் மீதும் பாஸ்பாரிக் அமிலத்தைப் பூசிப் பார்த்தார். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாயின. பிசின் அவற்றுள் இறங்கி இறுகப் பற்றிக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் பீங்கானையும் வேறோர் அமிலத்தால் அவ்வாறே அரித்து ஒட்டும் வழியைக் கண்டனர். அன்று முதல் அரிதாரம் கழுவ முடியாததாயிற்று. இரவில் கழற்றி வைக்கும் வேடம் வேறு. உடலோடு ஒன்றிவிட்ட வேடம் வேறு. வெனீரைப் பற்றிய அறக்கேள்வி முழுவதும் இந்த வேற்றுமையிலேதான் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

என்னை? எனாமல் நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. ஆனால் அதனை ஆக்கிய உயிரணுக்கள், பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துபோகின்றன. முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஆறும். சீவிய எனாமல் மறுபடி வளராது. முன்பல்லின் முகப்பில், கடிக்கும் விளிம்பருகே அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஈறருகே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெனீருக்கு இடம் செய்யப் பெரும்பாலும் சீவப்படுவதும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. எனாமலுக்குள்ளேயே சீவல் நின்றுவிட்டால் ஓடு உறுதியாகப் பற்றும். அதைக் கடந்து உள்ளிருக்கும் டென்டினைத் தொட்டுவிட்டால் பற்றும் குறையும், கூச்சமும் வரும். சீவாமலே ஒட்டும் மிக மெல்லிய ஓடுகளும் உண்டு. அவை எல்லாப் பற்களுக்கும் பொருந்துவதில்லை.

இனி என் தங்கை. நான் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்திலே கிராணி. அவள் பதினொரு வயதிலே, லயத்துக் கால்வாயின் மேல் போட்டிருந்த பலகையிலிருந்து வழுக்கி விழுந்தாள். முன்பல் ஒன்று அடிபட்டது, விழவில்லை. சில திங்களுக்குப் பின் அப்பல் மெல்லக் கறுத்துச் சாம்பல் நிறமடைந்தது. பல்லுக்குள்ளிருந்த உயிர் இறந்துவிட்டது என்று வைத்தியர் கூறினார். வேர்ச் சிகிச்சை செய்து அதை நிறுத்தி வைத்தார்கள். அந்நிறம் மட்டும் போகவில்லை. சென்ற ஆண்டு அவளுக்கு வரன் பேச்சு எழுந்தபோது, பார்க்க வந்த அம்மையார் ஒருவர், வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிள்ளை நல்ல பிள்ளைதான், சிரித்தால்தான்…" என்று இழுத்தார். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்லும் சமூகம் நம்முடையது. சீரும் நகையும் கொடுத்து அனுப்பும் பெண்ணை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறது.

மறு வாரமே அவள் என்னிடம், "அண்ணே, நான் வெனீர் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றாள். நான் சிரித்தேன். அழகு மாயை என்றும், அறிவே அணி என்றும், கூட்டங்களில் நான் கேட்டதும் கூட்டங்களில் நானே சொன்னதுமாகிய அத்தனையும் அவளிடம் கூறினேன். அவள் முடியும்வரை கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வதில்லை, அண்ணே. நான் பதினாறு வருடமாக மூடிக்கொள்கிறேன்."

எனக்கு மறுமொழி இல்லை. பதினாறு ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை நான் கண்டதில்லை. பல் நன்றாயிருப்பவன் பல்லழகைப் பழிப்பது, வயிறு நிறைந்தவன் உண்ணாநோன்பைப் புகழ்வது போன்றதே.

கிள்ளானில் இரயிலேறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினோம்; இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்த பின்னர், அத்தாப்பும் பலகையும் விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்று ஏற்பாடாக, அதற்கான செங்கல்லைச் சுட்ட சூளைகளால் பெயர்பெற்ற இடம் அது. சுட்ட மண்ணால் ஊர் எழும்பிய இடத்திலேயே சுட்ட மண்ணால் பல் செய்துகொள்ளப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டேன். வழியிலே கண்பார்வையற்றோர் நடத்தும் உடம்பு பிடிக்கும் கடைகள். ஒரு கடை வாயிலில் அமர்ந்திருந்த பெரியவர் ஏதோ கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பார், அவர் சிரிப்பைக் காதாலேயே அறிகிறார், அவருக்கு எந்தப் பல் எந்த நிறமென்ன?" என்றேன். "ஊரெல்லாம் அவரைப் போல் இருந்தால் நானும் கவலைப்படமாட்டேன்" என்றாள் தங்கை. அவள் சொன்னதே சரி. எடுத்துக்காட்டுகளுக்காக அலைகிறவர்கள் சில வேளை இப்படித்தான் இடறி விழுகிறார்கள்.

அங்கே நாங்கள் கண்ட வைத்தியர் கெட்டவர் அல்லர், இனிமையாகப் பேசினார். ஒரு பல்லுக்கு மட்டும் வைத்தால் பக்கத்துப் பற்களோடு நிறம் ஒவ்வாது என்றும், மேல்வரிசையில் எட்டுக்கும் வைத்துவிடுவதே அழகென்றும் சொன்னார். பல்லொன்றுக்கு 1,500 வெள்ளி, எட்டுக்கு 12,000. தவணையும் உண்டு. இந்நாட்டிலே 2025 பிப்ரவரி முதல் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தோட்டத்தில் அச்சம்பளம் வாங்கும் ஒருவர் ஏழு மாதம் உண்ணாமல் உடுக்காமல் உழைத்த பணம் எட்டுப் பல்லின் மேல் ஏறும். ஆனால் என் மனத்தைத் தைத்தது விலையன்று. கெட்ட பல் ஒன்று; சீவப்படுவன எட்டு. ஒன்றின் குறையை மறைக்க ஏழு நல்ல பற்கள் தண்டம் செலுத்த வேண்டுமாம். எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று கேட்டேன். "நீண்ட நாள் நிற்கும்" என்றார். நீண்ட நாள் என்பது கிராணியின் கணக்கேட்டிலே எழுதக்கூடிய எண்ணன்று. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அழகுக்காக உடலை மாற்றிக்கொள்வது தவறா என்ற கேள்வி புதியதன்று. பிளேட்டோ தமது "கோர்கியாஸ்" என்னும் நூலிலே, உடற்பயிற்சி தரும் அழகை அலங்காரக்கலை போலியாகத் தருகிறதென்று கூறி, அதனை முகமன் பேச்சோடு ஒரே தட்டில் வைக்கிறார். ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்: உள்ள அழகைக் காத்தல் மருத்துவத்தின் பாற்பட்டது, இல்லாத அழகைக் கூட்டுதல் மருத்துவமன்று என்பது அவர் கருத்து. இவ்விருவரையும் என் தங்கையின் முன் நிறுத்தினால் அவர்கள் பாடு திண்டாட்டமே. அவள் கேட்பது இருந்த அழகா, இல்லாத அழகா? விழுவதற்கு முன்பிருந்த வெண்பல்லை மீட்பது காலனின் கணக்கிலே மருத்துவம்; மற்ற ஏழு பற்களை அதனினும் வெண்மையாக்குவது அலங்காரம். ஒரே வாயில் ஒரே நாளில் இரண்டும் நடக்கின்றன. ஒரே சீட்டில் விலை போடப்படுகின்றன.

பொய்ம்மை என்று ஒதுக்கிவிடலாமா? நம் பாட்டன்மார் காலத்திலே தங்கப்பல் கட்டிய தண்டல்கள் இருந்தனர். அதற்காக அவர்கள் நல்ல பல்லையும் அராவினர் என்று கேள்வி. எனினும் தங்கப்பல் தன்னைத் தங்கமென்றே சொல்லிக்கொண்டது, எவரையும் ஏமாற்றவில்லை. பீங்கானோ தன்னைப் பல்லென்று சொல்லிக்கொள்கிறது. ஆனால் நரைக்குச் சாயம் பூசுபவரையும், பொய்ப்பல் கட்டிச் சோறுண்ணும் கிழவரையும் நாம் பொய்யர் என்பதில்லையே. ஆகவே இவ்வழக்கிலே பொய்யென்னும் குற்றச்சாட்டு நிற்காது. நான் அதனைத் தள்ளிவிட்டேன்.

நிற்கும் குற்றச்சாட்டு வேறொன்று. அது எனக்கு என் அப்பாயியின் காதிலிருந்து கிடைத்தது. அவர் இராமநாதபுரத்துச் சீமையிலே பிறந்தவர். சிறு பெண்ணாயிருக்கையில் காதைத் துளைத்து, துளையிலே கனம் தொங்கவிட்டு, தோளைத் தொடும்படி வளர்த்துப் பாம்படம் போட்டார்கள். அன்று அதுவே அழகு. வளராத காதுடைய பெண்ணை மூளிக்காதி என்று ஏசுவார்களாம். கப்பலேறி இங்கு வந்து, பிள்ளைகள் பெரியவர்களாகிப் பள்ளிக்கூடம் போன பின்னர், அதே காது பட்டிக்காட்டின் அடையாளமாகிவிட்டது. என் அத்தையின் திருமணத்துக்கு முன், தோட்டத்து ஆஸ்பத்திரியிலே அந்தக் காதை அறுத்துத் தைத்தார்கள். தழும்பை நான் சிறுவனாயிருந்தபோது தடவிப் பார்த்திருக்கிறேன். "வலித்ததா அப்பாயி?" என்றேன். "வளர்க்கும்போதும் வலித்தது ராசா, அறுக்கும்போதும் வலித்தது. ரெண்டு தடவையும் காது என்னுது, ஆசை ஊராருது" என்றார்.

அழகைப் பற்றிய எண்ணம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுகிறது; அறுத்த இடம் மாறுவதில்லை. இந்த நாட்டிலேயே மலாய் மக்களிடையே பருவமடைந்தோரின் பற்களை அராவும் சடங்கு இருந்ததை 1900-இல் வெளியான ஸ்கீட்டின் "மலாய் மேஜிக்" விரித்துரைக்கிறது. இன்று அவ்வாறு அராவிய பல்லை விரும்புவார் யார்? பீங்கானின் வெண்ணிறமும் இன்றைய விருப்பம். வரிசை பிசகாத, பாலினும் வெளுத்த, ஒன்றுபோல் மற்றொன்றாக நிற்கும் பற்கள் இன்னும் முப்பது ஆண்டில், 'ஓ, அந்தக் காலத்துப் பல்' என்று சுட்டிக்காட்டப்படலாம். பாம்படக் காதையாவது தைக்க முடிந்தது.

இருபத்தேழு வயதில் கையெழுத்திடுகிறவள் ஒருத்தி. அக்கையெழுத்தை வாழ்நாள் முழுதும் சுமப்பவள் மற்றொருத்தி. இருவரும் ஒருவரே என்று சட்டம் சொல்லும். நாகப்பட்டினத்திலே ஒப்பந்தச் சீட்டில் பெருவிரல் ரேகை வைத்தவனும், இங்கே காடழித்து அதைத் தீர்த்தவனும் ஒருவனே என்றுதான் சட்டம் அன்றும் சொல்லிற்று. மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர்கள் கூறிய குறைகளிலே ஒன்று, ரேகை வைத்தவனுக்குத் தான் எதற்கு வைக்கிறோம் என்பது தெரியாது என்பது. பல்லையும் பால்மரக்காட்டையும் ஒப்பிடுவது மிகையென்று சிலர் கூறலாம். துன்பத்தின் அளவால் மிகைதான். அறியாமல் இட்ட கையெழுத்து என்னும் வகையால் ஒன்றே. வரப்போகும் நம்மை நாமே கட்டிப்போட நமக்கு உரிமை உண்டு, திருமணமும் அத்தகையதே. எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதை அறிந்த பின்னரே அவ்வுரிமை பிறக்கிறது.

ஆதலால் அறிய வேண்டியவற்றை நான் தேடிப் படித்தேன். நன்கு செய்யப்பட்ட பீங்கான் வெனீர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டு நிலைக்கின்றன என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. இது நல்ல செய்தியே. கைவினையைக் குறை கூற இடமில்லை. ஆனால் இருபத்தேழில் வைத்துக்கொண்டவர் எழுபதுவரை வாழ்ந்தால், பத்துப் பதினைந்தாண்டுக்கு ஒரு முறையாக இன்னும் இரண்டு மூன்று தடவை மாற்ற நேரலாம். அன்று விலை என்னவோ, எவர் அறிவார்? ஓட்டை எடுத்து மாற்றும்போதெல்லாம் பல்லும் இன்னும் சிறிது தேயக்கூடும். பீங்கான் சொத்தையாவதில்லை, அதன் விளிம்பிலே தெரியும் சொந்தப் பல் சொத்தையாகும், ஆகவே துலக்குவது குறையாது, கூடும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு ஓடு உடையும். ஈறு நோயுடையவர் முதலில் ஈற்றைக் குணப்படுத்த வேண்டும். பீங்கானை வெளுக்க மருந்தில்லை. மற்றப் பற்களை வெளுக்க எண்ணினால் அதனை முன்னரே செய்துவிட்டு, அந்நிறத்துக்கேற்பப் பீங்கானைத் தேர வேண்டும்.

மற்றொரு சூழ்ச்சி. வெனீர் என்று பேசிவிட்டுப் பல்லைச் சுற்றிலும் செதுக்கி முழுத்தொப்பி மாட்டிவிடுவாரும் உளர். 2002-இல் எடெல்ஹாஃப், சோரன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, வெனீருக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் நூற்றுக்கு 3 முதல் 30 பங்கு போகிறது. முழுத்தொப்பிக்கோ 63 முதல் 72 பங்கு. 'எவ்வளவு சீவுவீர்கள்? சுற்றிலுமா, முகப்பில் மட்டுமா?' என்று கேட்பது மரியாதைக்குறைவன்று. சீவுவதற்கு முன் மெழுகில் மாதிரி செய்து, அதைத் தற்காலிகப் பிசினால் வாயிலே வைத்துக் காட்டும் வழக்கமும் உண்டு. அதனோடு வீட்டுக்குப் போய் ஒருமுறை சோறுண்டு, தாயோடு பேசி, கண்ணாடியில் பார்த்துவிட்டு வர விடும் வைத்தியரே என் கணக்கில் வைத்தியர்.

அழகு நிலையங்களிலும் விடுதி அறைகளிலும் மலிவு விலைக்குப் பல் ஒட்டுவோரைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் மலாக்கா ஆயர் கெரோ நீதிமன்றம், யூடியூப் பார்த்துப் பல் தொழில் கற்றுக்கொண்டு பதிவின்றி நடத்திய இருபது வயதுப் பெண்ணொருத்திக்கு 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2022 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் பதிவில்லாதார் இத்தொழில் செய்வதைத் தடுக்கிறது. வைத்தியரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் உள்ளதா என்று எவரும் பார்க்கலாம். நம் இளைஞர் செருப்பு வாங்குமுன் நான்கு கடை ஏறுகின்றனர். பல் வெட்டக் கொடுக்குமுன் இந்த ஒன்றைப் பார்க்கக் கூடாதா?

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்தேன். இம்முறை பிரசங்கம் செய்யவில்லை. அவள் இரண்டு நாள் அதை வைத்திருந்தாள். பின்னர் கிள்ளானிலுள்ள வேறொரு வைத்தியரிடம் போகலாம் என்று அவளே சொன்னாள். அவர் ஒரு பெண்மணி; அதிகம் பேசாதவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது உயிரற்ற பல். வேர்ச் சிகிச்சை செய்த துவாரத்தின் வழியாக உள்ளே மருந்து வைத்து வெளுக்கலாம். முழுவதும் வெளுக்காமலும் போகலாம். சில ஆண்டில் நிறம் திரும்பவும் கூடும். அப்போதும் உங்களுக்கு மனமிருந்தால் இந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீர் வைப்போம். மற்றவற்றை நான் தொடமாட்டேன்" என்றார். நிறம் ஒவ்வாதே என்று நான் இழுத்தேன். "ஒரு பல்லுக்கு நிறம் ஒப்பிப்பது கடினம், கடினம் என்பதற்காக ஏழு பல்லை வெட்டுவதா?" என்று கேட்டார்.

தங்கை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இதை நான் கல்யாணத்துக்காகச் செய்தால் தவறா, டாக்டர்?" அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். "கல்யாணம் நின்றுபோனாலும் செய்வீர்களா?" என்றார். செய்வேன் என்றாள் இவள். அப்படியானால் படிவத்தைப் படித்துப் பாருங்கள் என்று கொடுத்தார். படிவம் மலாய் மொழியில் இருந்தது. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். புரியாத இடங்களில் அவள் என்னை நிறுத்தினாள், இரண்டு இடங்களில் நானும் வைத்தியரைக் கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் எங்களை நன்றாக முறைத்தார்கள்.

முதல் தடவை மருந்து வைத்தாயிற்று. பல் சாம்பலிலிருந்து பழுப்புக்கு வந்திருக்கிறது. வெண்மை இன்னும் வரவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டே பேசிய அம்மையார் வீட்டிலிருந்து செய்தி ஏதுமில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் மருந்தை மாற்ற மறுபடி கிள்ளானுக்குப் போக வேண்டும். அன்று சம்பள நாளாதலால் எனக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. தான் தனியாகவே போய் வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.